அறுநூற்றுப் பத்து கிலோ பன்றிக்கான குண்டு

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்குப் பின்கால் ஆடும். இதில் உட்காருங்கள். பேர் கொம்பையாதானே? நியமன ஆணையில் பார்த்தேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. நல்லது. நான் பிசிக்ஸ். என் பேர் முப்பிடாதி. இன்றைக்கு ஐந்தே முக்கால் வரைக்கும் இந்த வனச்சரக அலுவலகத்தின் தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர் நான்தான். அதற்கப்புறம் நீங்கள்.

கண்காணிப்பாளர் பூதலிங்கம் சார் டீ குடிக்கப் போயிருக்கிறார். ரேஞ்சர் இடம் காலி என்பதால் எல்லாம் அவர்தான். அவருக்கு டீ நன்றாக ஆறினால்தான் தொண்டையில் இறங்கும், வர அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் இந்தக் கோப்பை உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டால், சார் வந்து எனக்கு விடுவிப்பு ஆணை தருவார். திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நான் ராமநாதபுரத்தில் இளநிலை உதவியாளராகச் சேர வேண்டும். நிரந்தர வேலை. பரீட்சை எழுதி வாங்கியது. விடுவிப்பு ஆணை இல்லாமல் அங்கே சேர்க்க மாட்டார்கள். திங்கள் தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எங்கள் அம்மா நேற்றே பீடித் தட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். இனிமேல் சுற்ற மாட்டாளாம்.

பயப்படாதீர்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்பேன். மறைத்துத் தள்ளிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை.

இதுதான் கோப்பு. இரண்டு தொகுதி, முந்நூற்றுப் பதினெட்டுப் பக்கம். பொருள் என்ற இடத்தில் பாருங்கள்: 'மேலப்பாறைக்குளம் கிராமத்தில் பயிர்ச்சேதம் விளைவிக்கும் காட்டுப்பன்றி ஒன்றைச் சுடுவதற்கு ஏற்ற குண்டு தேர்வு செய்தல்.' அவ்வளவுதான். சுடுவதற்கு அனுமதி எப்போதோ வந்துவிட்டது. துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. குண்டு எது என்று ஒரு கட்டத்தை நிரப்பினால் முடிந்தது. அந்தக் கட்டம்தான் இது. பென்சிலால் ஒரு புள்ளி தெரிகிறதா? அது நான் வைத்தது. எழுத ஆரம்பித்தேன். இரண்டு வருடம் ஆகிறது.

நான் இங்கே ஆறு மாத வேலைக்குத்தான் வந்தேன். வந்து நாலாம் நாள் பூதலிங்கம் சார் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ பிசிக்ஸ்தான?"

"ஆமா சார்."

"பிசிக்ஸ்ல இந்த வேகம், விசை எல்லாம் வரும்லா?"

"வரும் சார்."

"அப்ப குண்டும் வரும். எழுதிக் கொண்டா."

நான் அதுவரை துப்பாக்கியைப் பார்த்ததே இல்லை தம்பி. இந்த அலுவலகத்தில் சுடத் தெரிந்தவர் ஒரே ஆள், வனக்காவலர் மாசானம் அண்ணன். அவரிடம் போய்க் கேட்டேன். "இருவத்திரெண்டு வருச சர்வீசுல ரெண்டு தடவ சுட்டிருக்கேன் பிள்ள. ரெண்டும் குடியரசு தினத்துக்கு. மேல பாத்து." பீரோவில் பழைய தோட்டா பதினான்கு இருந்தது. பித்தளை முழுவதும் பச்சை பூத்திருந்தது. "இதே போதும். பச்சையா மஞ்சளான்னு பன்னிக்குத் தெரியவா போவுது?" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வெடிமருந்து பாதி எரிந்து பாதி எரியாமல் போனால்? குண்டு வேகமில்லாமல் போய்ப் பன்றியின் வயிற்றில் பட்டால்? காயத்தோடு ஓடி எந்தப் புதரில் எத்தனை நாள் கிடக்குமோ. நான் ஒரு கோழியைக்கூட அறுத்துப் பார்த்தவள் இல்லை. ஒரு உயிர் என் கையெழுத்தால் போகிறதென்றால், அது ஒரே குண்டில், வலி தெரியாமல் போக வேண்டும். இதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். படித்துப் பாருங்கள். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

குண்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தோட்டா என்பது முழுச் சாமான்: பித்தளைக் குப்பி, உள்ளே மருந்து, நுனியில் குண்டு. பறந்து போவது குண்டு மட்டும்தான். நம்மிடம் இருப்பது 'முந்நூற்றுப் பதினைந்து' என்கிற ரகத் துப்பாக்கி. அதன் குண்டு பதினாறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நகைக் கணக்கில் இரண்டு பவுன். குண்டில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று முழுக்கச் செம்பு உறை போட்டது. அது வளையாது, நெளியாது, நேராக ஊடுருவி மறுபக்கம் போய்விடும். தோல் கெட்டியான பெரிய மிருகத்துக்கு அது. இன்னொன்றுக்கு நுனியில் ஈயம் வெளியே தெரியும். உள்ளே போனதும் பூ மாதிரி விரிந்து அங்கேயே நின்றுவிடும். சிறிய மிருகத்துக்கு உறை போட்டதைப் போட்டால், மிருகத்தைத் தாண்டிப் போய்ப் பின்னால் கிழங்கு பிடுங்குகிற பொம்பளைமேல் படும். பெரிய மிருகத்துக்கு விரிகிறதைப் போட்டால் தோலுக்கடியிலேயே விரிந்து நின்றுவிடும். மிருகம் கோபத்தோடு வரும். அதனால் மிருகத்தின் எடை தெரியாமல் குண்டைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. இது நானாகச் சொல்வது அல்ல. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வது.

"சார், பன்றி எவ்வளவு எடை?" என்று கேட்டேன்.

"கோப்புல என்ன இருக்கோ அதான்" என்றார்.

கோப்பில் ஐந்து மனு இருந்தது. முதல் மனு பேச்சித்தாய் அக்காவுடையது. அவர்களுக்கு மேலப்பாறைக்குளத்தில் ஒன்றரை ஏக்கர், மரவள்ளி. 'கன்றுக்குட்டி தண்டிப் பன்றி', அதாவது கன்றுக்குட்டி அளவு என்று எழுதியிருந்தார்கள். யாரும் போகவில்லை. அடுத்த மனு வேறொருவர்: 'எங்கள் வீட்டுப் பீரோ தண்டி'. அதற்கும் இந்த அலுவலகத்திலிருந்து யாரும் போகவில்லை. மூன்றாவது, 'ஆட்டோ தண்டி'. நாலாவது, 'எருமை'. ஐந்தாவது மறுபடி பேச்சித்தாய் அக்கா. ஐந்து மாதம் காத்திருந்துவிட்டு, 'மினி லாரி தண்டி' என்று எழுதிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் கிராம நிர்வாக அலுவலர் முத்திரை உண்டு. ஒன்றை எடுத்து ஒன்றை விட முடியாது. "சராசரி எடும்மா" என்றார் சார்.

எடுத்தேன். அவசரப்பட்டு எடுக்கவில்லை. கன்றுக்குட்டிக்குக் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன், எழுபது. அந்த வீட்டுக்குப் போய்ப் பீரோவைப் பார்த்து, கடைக்காரரிடம் விசாரித்தேன், தொண்ணூறு. துணிமணி இல்லாமல். ஆட்டோ முந்நூற்றைம்பது. எருமை நானூற்றைம்பது. மினி லாரிக்கு ஆர்.சி. புத்தகம் வாங்கிப் பார்த்தேன். இரண்டாயிரத்துத் தொண்ணூறு. அது காலி வண்டியா, சரக்கோடா என்று மனுவில் இல்லை. காலி என்றே வைத்துக்கொண்டேன். மிகைப்படுத்தக் கூடாது இல்லையா. கூட்டி ஐந்தால் வகுத்தால் அறுநூற்றுப் பத்து கிலோ.

மாசானம் அண்ணன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ள, இது பன்னி இல்ல. பன்னி மேல ஏறி வார எமன்."

அறுநூற்றுப் பத்து கிலோவுக்கு ஏற்ற குண்டு கேட்டு மூன்று கம்பெனிக்குக் கடிதம் போட்டோம். ஒன்றுதான் பதில் எழுதியது: 'தாங்கள் சுடவிருப்பது எது என்று தெரிவிக்கவும். காண்டாமிருகம் எனில் எங்களிடம் இல்லை.' இருந்தாலும் அந்தக் கம்பெனி மாதிரிக்கு உறை போட்டதில் இரண்டும், விரிகிறதில் ஒன்றும் அனுப்பியது. எந்தச் சாமான் வாங்கினாலும் மாதிரியைக் கொள்முதல் குழுவின் முன் சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நாற்காலி வாங்கினால் உட்கார்ந்து பார்ப்பார்கள். விளக்குமாறு வாங்கினால் பெருக்கிப் பார்ப்பார்கள். குண்டை எப்படிப் பார்ப்பது?

வெளிநாட்டில் மாட்டெலும்பைக் காய்ச்சி, கட்டியாக உறையவைத்து, அதில் சுடுகிறார்களாம். சதை மாதிரியே இருக்குமாம். எழுதிக் கொடுத்தேன். சார் அப்போது ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். "ஆபீசுக்குள்ள எலும்பக் காய்ச்சவா? வெளங்கும்" என்று கோபப்பட்டார். "அதே கொழகொழப்புல, சைவமா, கையில தட்டினா ஆடுத மாதிரி என்ன இருக்குன்னு யோசி."

தம்பி, இந்த ஊரில் பிறந்தவளுக்கு அதை யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை. கால் கிலோ அல்வா வாங்கி, டம்ளரில் அழுத்தி, எடை போட்டு, அடர்த்தி கணக்கிட்டேன். சதையைவிடக் கொஞ்சம் கூடுதல். அழுத்தினால் மீண்டு வருகிறது. நெய் மட்டும் கவலையாக இருந்தது, அதையும் குறித்திருக்கிறேன், எழுபத்தோராம் பக்கம். கடையில் போய் ஐம்பத்தைந்து கிலோ வேண்டும் என்றேன். கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை. ஒரே கட்டியாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஊற்றி மூன்று கட்டியாகக் கொடுத்தாலும் சரி."

"டின் கணக்கிலயா? யாரும்மா திங்கப் போறா?"

"யாரும் தின்னப் போவதில்லை. அரசாங்க ஆய்வு."

"அல்வாவிலயா? நாங்க ஒண்ணும் கலக்கலயேம்மா!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது.

சோதனை நாள் எழுபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. அலுவலகத்துக்குப் பின்னால், மூன்று கட்டியையும் பெஞ்சில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினோம். ஈ மொய்க்காமல் நான் விசிறிக்கொண்டே இருந்தேன். சுடும்போது மட்டும் ஓடிவிட வேண்டும். குழுவில் மூன்று பேர்: சார், கால்நடை மருத்துவர், வேளாண் அலுவலர். மாசானம் அண்ணன் பழக்கத்தில் முதல் குண்டை மேலே பார்த்துச் சுட்டுவிட்டார். தேக்கு மரத்திலிருந்து ஒரு கிளை விழுந்தது. இரண்டாவதும் உறை போட்டதுதான். மூன்று கட்டியையும் துளைத்துக்கொண்டு போய், பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியையும் துளைத்தது. 'தேவைக்கு மேல் ஊடுருவுகிறது' என்று எழுதினோம். மூன்றாவது, விரிகிறது. சத்தம் கேட்டது, அல்வா ஒருமுறை சிலிர்த்தது, துளை தானாக மூடிக்கொண்டது. குண்டு வெளியே வரவில்லை.

எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கத்தியால் வெட்டினோம். வெட்டுகிற துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? மருத்துவர்தான் முதலில் வாயில் போட்டார். "பதம் நல்லா இருக்கே, எந்தக் கடை?" அப்புறம் எல்லாரும். நான் ஸ்கேலோடு நின்றுகொண்டு, "சார், சாட்சியம் குறைகிறது சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் கேட்கவில்லை. மிச்சத்தை ஆளுக்குக் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குண்டு கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் கிடைத்தது. வேளாண் அலுவலரின் கடைவாயில். பல் மருத்துவர் எடுத்துக் கொடுத்து, சான்றிதழும் எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன் கேளுங்கள்: 'நோயாளியின் கீழ்த்தாடையில் சிக்கிய ஈயப்பொருள் பூ வடிவில் விரிந்து காணப்பட்டது.' சார் அதைப் படித்துவிட்டு, "பிரமாதம். மூணாவது நபர் சான்று" என்றார். குண்டை இதோ, நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். தொட்டுப் பாருங்கள். இன்னும் பிசுபிசுக்கும்.

அன்றைக்கே கட்டத்தை நிரப்பியிருக்கலாம்தான். ஆனால் ஆழம் தெரியவில்லையே. பல்லில் பட்டு விரிந்ததா, அல்வாவில் விரிந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? நான் ஒரு கேள்வி எழுதி மேலே அனுப்பினேன். பதில் வர நாலு மாதம். அப்புறம் பன்றித் தோலின் தடிமன். அப்புறம் எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தச் சாய்வில். மொத்தம் இருபத்து மூன்று கேள்வி. எல்லாம் நியாயமான கேள்விகள். நீங்களே படித்துப் பார்த்து ஒன்றாவது தேவையில்லாதது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இடையில் என் ஆறு மாதம் முடிந்தது. 'குண்டு தேர்வு நிறைவடையும் வரை' என்று பணி நீட்டிப்பு வந்தது. அப்படி மூன்று தடவை. மாசானம் அண்ணன் ஒருநாள் விளையாட்டாக, "அந்தப் பன்னிதான் பிள்ள உனக்குச் சோறு போடுது" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஒருநாள் தூரம் அளப்பதற்காக டேப்பை எடுத்துக்கொண்டு மேலப்பாறைக்குளம் போனேன். பேச்சித்தாய் அக்கா வரப்பில் தகர டின்னோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தோட்டத்தைப் பார்த்தால் யாரோ ஏர் உழுதுவிட்டுப் பாதியில் போன மாதிரி இருந்தது. செடியெல்லாம் வேரோடு கிடக்கிறது, கிழங்கு பாதி பாதியாகக் கடித்துப் போட்டிருக்கிறது. டின்னைத் தட்டித் தட்டி அக்காவுக்கு வலது காது மந்தமாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் சத்தமாகக் கேட்டார்கள்.

"ஏட்டி ஆபீசு பிள்ள, குண்டு வந்தாச்சா? இல்ல இன்னும் வயசுக்கு வரலியா?"

"வந்துவிடும் அக்கா. சரியானதாகப் பார்க்கிறோம்."

"நல்லாப் பாருங்க, நல்லாப் பாருங்க. குண்டு மாப்பிள்ளயத் தேடுதிய. எங்க கிழங்குதான் மொய் வச்சுக்கிட்டே இருக்கு."

அப்போதுதான் பார்த்தேன். ஓடை மேட்டிலிருந்து ஒரு பெண்பன்றி இறங்கியது. விலா எலும்பு தெரிந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்தது. பின்னாலேயே ஏழு குட்டி, உடம்பெல்லாம் கோடு போட்டு, வெள்ளரிக்காய்க்குக் கால் முளைத்த மாதிரி. "இதா அக்கா?" என்றேன். "பின்ன? எத்தன இருக்கு? இது ஒண்ணுதான் படுத்துது" என்றார்கள். "மினி லாரி என்று எழுதினீர்களே?" என்றேன். "கன்னுக்குட்டின்னு எழுதினேன், எவன் வந்தான்?" என்றார்கள்.

நான் அன்றைக்கே குறிப்பு எழுதினேன். பார்த்ததைப் பார்த்தபடி. எடை சுமார் ஐம்பது கிலோ, பெண், ஒரு கால் நொண்டி. பூதலிங்கம் சார் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது வேற பன்னிம்மா. நம்ம பன்னி அறுநூத்திப் பத்து. இதுக்கு நீ தனி மனு வாங்கிட்டு வந்தா தனிக் கோப்பு போடலாம்." அவர் சொன்னதிலும் தப்பில்லை. கோப்பில் இருப்பதை வைத்துத்தானே அவர் பேச முடியும்? நான் வற்புறுத்தவில்லை.

தண்ணீர் குடிக்கிறீர்களா? தொட்டியில் ஓட்டையை அடைத்துவிட்டோம், பயப்படாமல் குடிக்கலாம்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் மாசானம் அண்ணன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஓடை மேட்டில் அந்தப் பெண்பன்றி கிடந்தது. யாரோ பழத்துக்குள் வெடிமருந்து வைத்துப் போட்டிருக்கிறார்கள். கடித்திருக்கிறது. கீழ்த்தாடை இல்லை. அது கடித்த இடத்திலிருந்து செத்த இடம் வரைக்கும் சுவடு இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, மூன்று நாளாவது இருக்கும் என்றார். தண்ணீர் குடிக்க ஓடைக்கு வந்திருக்கிறது. எப்படிக் குடிக்கும், சொல்லுங்கள்.

யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுத வேண்டும். பேச்சித்தாய் அக்கா வரப்பிலேயே நின்றார்கள், கிட்டே வரவில்லை. கையில் டின்கூட இல்லை.

விதிப்படி எடை பார்க்க வேண்டும் என்றேன். கிழங்கு மூட்டை போடுகிற தராசைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்திரண்டு கிலோ. மாசானம் அண்ணன் பீடியைப் பற்றவைக்காமல் வாயிலேயே வைத்திருந்தார். அப்புறம் சொன்னார். "அம்பத்திரெண்டு கிலோவுக்கு அந்தப் பச்ச தோட்டாவே போதும் பிள்ள. ஒண்ணு." அவர் படித்தவர் இல்லை, அனுபவத்தில் சொல்கிறார். தொழில்நுட்ப ரீதியாக அதை உறுதி செய்ய முடியாது. ஆனால் நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மருந்து பாதி எரிந்திருந்தாலும் போதும். பட்டியலில் இருக்கிற எந்தக் குண்டாக இருந்தாலும் போதும். கணக்குத் தாளைக் கோப்பில் சேர்க்கவில்லை. அது கேட்கப்படாத கணக்கு.

மருத்துவர் வந்து சான்று எழுதினார். கோப்பை முடித்துவிடலாம் என்று சாரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கோப்புல அறுநூத்திப் பத்து. செத்தது அம்பத்திரெண்டு."

"ஆமா சார்."

"மீதி அஞ்சூத்தி அம்பத்தெட்டு எங்கம்மா?"

"சார்?"

"தணிக்கையில கேப்பானா மாட்டானா? மீதி உயிரோடதான இருக்கணும்?"

அதனால் கோப்பு நடப்பில் இருக்கிறது. நாலாவது நீட்டிப்பும் வந்தது. மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள்; பயிர்ச்சேதத்துக்கும் என் குறிப்புகளுக்கும் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதற்குக் கடிதம் இருக்கிறது, முந்நூற்றுப் பதினோராம் பக்கம். நான் அதை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். சும்மாதான்.

அவ்வளவுதான் தம்பி. ஒன்றும் விடவில்லை. மணி ஐந்தே கால். இதுதான் ஒப்படைப்புப் பட்டியல், மூன்று வரிசை. பேனா இருக்கிறதா? இந்தாருங்கள். வரிசை எண் ஒன்று, கோப்பு, இரண்டு தொகுதி. போட்டாயிற்றா? நல்லது. இரண்டு, விரிந்த குண்டு, செல்லோடேப்புடன். சரி. மூன்று, காட்டுப்பன்றி ஒன்று, எடை 610 கிலோ, நிலை: உயிருடன். அது சார் போடச் சொன்னது. கீழே உங்கள் பேர்...

ஏன் தம்பி அந்த வரியை அடிக்கிறீர்கள்?

'வரிசை எண் மூன்று பெறப்படவில்லை.' கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆனால் இப்படி எழுதக் கூடாது. சார் வந்து கேட்பார். அவன் வாங்கவில்லை என்றால் பன்றி யாரிடம் இருக்கிறது என்பார். நான் என்ன சொல்வது? தம்பி, இது வெறும் தாள். இல்லாத பன்றிக்கு நீங்கள் என்ன செய்ய வேண்டியிருக்கும்? ஒன்றுமே இல்லை. கேள்வி எழுதிக்கொண்டே இருந்தால் போதும். அதுவும் உங்களுக்கு நன்மைதான். நீட்டிப்பு...

நான் என்ன சொல்ல வந்தேன் என்றால்...

கண்ணால் பார்க்காததைப் பெற்றுக்கொண்டேன் என்று எப்படி எழுதுவது என்கிறீர்கள். முதல் நாள். முதல் கையெழுத்து. உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் முதல் பட்டதாரியா? எங்கள் வீட்டில் நான்தான்.

நீங்கள் சொல்வது சரி. நீங்கள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். ஏழு குட்டியோடு பார்த்தேன். தாடை இல்லாமலும் பார்த்தேன்.

கொடுங்கள். அந்தப் பேனாவைக் கொடுங்கள்.

வாங்க சார். இல்லை சார், முடிந்துவிட்டது. இரண்டு வரிசை தம்பி வாங்கிக்கொண்டார். மூன்றாவது என் பேரில். 'என் பொறுப்பிலேயே உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எடையைத் திருத்தியிருக்கிறேன் சார். நிலையையும். மாசானம் அண்ணன் கேட்டால் சாட்சி சொல்வார். தெரியும் சார், விடுவிப்பு ஆணையில் நிலுவை என்று வரும். ராமநாதபுரத்தில் கேட்பார்கள். பன்றியா என்று சிரிப்பார்கள். கேட்கட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன். சேர்க்காவிட்டால்... அம்மாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

என்ன சார், விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டீர்கள்?

யோசியுங்கள் சார், நான் நிற்கிறேன். ராமநாதபுரம் பஸ் போனால் போகட்டும். அந்த ஐம்பத்திரண்டை மட்டும் மறுபடியும் அறுநூற்றுப் பத்து ஆக்கிவிடாதீர்கள்.